கணினி கண்ட குழி

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, சிற்றிலக்கியம் ஒன்றைப் பற்றியோ, இசுலாமியத் தமிழ்ப் புலவர் ஒருவரைப் பற்றியோ எழுதித் தருவதாகவே ஒப்புக்கொண்டோம். ஆண்டுதோறும் அவ்வாறே செய்தும் வந்திருக்கின்றோம். இம்முறை எழுத அமர்ந்த இரவில் காற்று மிகுந்திருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து கோவையை உலுக்கும் ஆடிக்காற்று. முன்கதவு அடித்துக்கொள்ளாதிருக்க எம் தந்தையார் எழுந்து சென்று, சுவரோரம் கிடந்த இரும்புத் துண்டைக் காலால் நகர்த்திக் கதவுக்கு அணை கொடுத்தார். முப்பது ஆண்டுகளாக அவர் செய்துவரும் செயல்தான். ஆயினும் சென்ற திங்கள் எம் வீட்டில் நடந்த ஒன்றன்பின் அத்துண்டை முன்போல் எம்மால் பார்க்க இயலவில்லை. புலவர் பெருமக்கள் இவ்வாண்டு பொறுத்தருள்வார்களாக. யாம் இரும்பைப் பற்றி எழுதுகின்றோம்.

அது நீரேற்றும் பம்பு ஒன்றின் உடற்கூடு. முழுக்கூடு அன்று, அறுத்தெடுத்த பாதி. பம்புத் தொழிலில் இதனை 'வால்யூட் கேசிங்' என்பர். நத்தைக்கூடு போல் வளைந்து செல்லும் சுவர். அதன் வாயில் குழாயைப் பூட்டுவதற்கான வட்ட விளிம்பு. விளிம்பும் சுவரும் கூடும் இடத்தில் பின்னர்த் துளையிட்டு மரை போடுவதற்கென விட்ட ஒரு திரட்சி. அறுத்த முகத்தில், அத்திரட்சியின் நடுவே, பெருவிரல் நுனி நுழையுமளவு ஒரு குழி இருக்கின்றது. எம் பிள்ளைகள் சிறுவயதில் அதனைச் 'சொத்தைப் பல்' என்று அழைத்தனர். யாம் வைத்திருந்தாலும் அதனினும் பொருத்தமான பெயர் வைத்திருக்க மாட்டோம்.

எம் தந்தையார் மோல்டர். கோவை கணபதிப் பகுதியின் வார்ப்படச் சாலைகளில் நாற்பது ஆண்டுக்காலம் மண்ணோடு வாழ்ந்தவர். பஞ்சாலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளும், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து கிணறுகளில் மின்பம்பு ஏறியதும், இந்நகரை வார்ப்படத் தொழிலின் ஊராக வளர்த்த கதை இங்குள்ள மாணாக்கர்க்குப் புதிதன்று. அச்சாலைகளுள் மண் எவ்வாறு ஆளப்படுகின்றது என்பதே பலர் காணாதது. அச்சுமண் வெறும் மணல் அன்று; மணலும், பென்டோனைட் என்னும் களிமண்ணும், நிலக்கரித் தூளும், அளவான நீரும் சேர்த்துப் பக்குவம் செய்தது. தந்தையார் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்குவார். விரித்தால் விரல் தடம் மண்ணில் பதிந்து நிற்கவேண்டும்; இரண்டாக ஒடித்தால் ஒடிந்த விளிம்பு உதிராதிருக்க வேண்டும். பின் மரத்தாலான பேட்டர்னைப் பெட்டிக்குள் வைத்து, மண்ணைக் கொட்டி, ரேமர் என்னும் இடிகோலால் இடிப்பார். ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வரவேண்டும். மிகுதியாக இடித்தால் வாயு வெளியேற வழியின்றி உள்ளே சிக்கிக்கொள்ளும். குறைவாக இடித்தால் இரும்புக் குழம்பின் அழுத்தம் தாங்காது அச்சின் சுவர் விலகும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவு எந்த ஏட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை; தோளில் இருந்தது. ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. தேறாத வார்ப்படத்துக்குக் கூலி இல்லை. சில சாலைகளில் அதற்கு மேலும் பிடித்தம் உண்டு.

1994ஆம் ஆண்டு நோன்பு மாதம் பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் வந்தது. கோடைக்குமுன் பம்பு கேட்டு வணிகர்கள் நெருக்கும் காலமும் அதுவே. யாம் அப்பொழுது எட்டாம் வகுப்பு மாணவர். சஹர் உணவு உண்டபின் வேலைக்குச் செல்லும் தந்தையார், குப்போலா உலை முன் நாளெல்லாம் நின்று, மாலையில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வருவார். ஏறி ஓட்டும் தெம்பு இராது. அம்மாதத்தின் மூன்றாம் வாரத்தில் அவர் அச்சு செய்து வார்க்கப்பட்ட கூடுகள் கடைசல் பட்டறைக்குப் போயின. மரைக்குத் துளையிட்ட இடத்தில், திண்ணிய இரும்பைக் குடைய வேண்டிய துளைக்கருவி வெற்றிடத்துள் சட்டென இறங்கிற்று. ஒன்றிலன்று, இருபத்திரண்டு கூடுகளில்.

அச்சாலையின் மேற்பார்வையாளர் குழியைப் பார்த்தார். மண்ணில் ஈரம் மிகுந்து நீராவி சிக்கியதால் விளைந்த வாயுக்குழி என்று முடிவு சொன்னார். சொன்னவர் அத்துடன் நிறுத்தவில்லை. "நோன்பு வெச்சுக்கிட்டு அசந்துட்டீங்க பாய்" என்றார். கூலியில் பிடித்தம் செய்தனர். அவ்வாண்டுப் பெருநாளுக்குத் தைக்கக் கொடுத்திருந்த சட்டையைத் தையற்கடையிலிருந்து மீட்கப் பணம் இல்லை. பழைய சட்டையில் தொழுகைக்குச் சென்றோம். அது பெரிய துயரம் அன்று. எம்முடன் தொழுதவர் பலரும் அந்நிலையினரே. தந்தையார் அச்சொல்லைத்தான் விழுங்க மாட்டாதிருந்தார். தள்ளப்பட்ட கூடுகளுள் ஒன்றைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, நண்பர் ஒருவரின் பட்டறையில் அறுத்து, ஒரு பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். "ஒருநாளைக்குக் காட்டணும்" என்றார். யாரிடம் என்று அவரும் சொல்லவில்லை, யாமும் கேட்கவில்லை.

அவர் கூறிய வாதம் எமக்கு இன்றும் சொல் மாறாமல் நினைவிருக்கின்றது. "புளோ ஹோல்னா உள்ளே வழவழன்னு, கண்ணாடி கணக்கா இருக்கும். இங்க தொட்டுப் பாரு. முள்ளு முள்ளா இருக்கு. இது காத்து இல்ல. இரும்பு பத்தல." எட்டாம் வகுப்பு மாணவராகிய யாம் தொட்டுப் பார்த்தோம். முள்ளாகத்தான் இருந்தது. இரும்பு எவ்வாறு பற்றாமற் போகும் என்பது விளங்கவில்லை. பின்னர்த் தமிழ் கற்கச் சென்றோம். அவ்வினாவைக் கதவோரத்திலேயே விட்டுவிட்டோம்.

தமிழ் கற்றதால் ஒன்று செய்ய முடிந்தது. 'வார்' என்னும் வினையைப் பற்றி எண்ணிப் பார்த்தோம். நீர் வார்க்கின்றோம், தோசை வார்க்கின்றோம், எண்ணெய் வார்க்கின்றோம். நெகிழ்ச்சியான பொருளை ஒழுக விடுவதே வார்த்தல். சங்கப் பாடல்களில் கொல்லன் உலையும் துருத்தியும் உவமைகளாக வருகின்றனவே என்று மாணாக்கர் கேட்கக்கூடும். அக்கொல்லன் இரும்பைக் காய்ச்சி அடித்தவன். குழம்பாக்கி வார்த்தவன் அல்லன். 'உறைதல்' என்னும் சொல்லும் இவ்விடத்தில் நன்கு உதவுகின்றது. பால் தயிராவதும் உறைதல், நெய் கட்டியாவதும் உறைதல், நீர் பனிக்கட்டியாவதும் உறைதல். இரும்பு உறைவதை விளங்கிக்கொள்ளப் பின்னிரண்டையும் அடுக்களையில் ஒருமுறை பார்த்தால் போதும்.

உருக்கிய நெய்யைக் கிண்ணத்தில் ஊற்றி வையுங்கள். ஓரம் முதலில் உறையும். நடு கடைசியில் உறையும். உறைந்த நெய்யின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நெய் உறையும்பொழுது சுருங்குகின்றது. முதலில் உறைந்த ஓரம் தனக்கு வேண்டியதை நடுவிலிருந்து இழுத்துக்கொள்கின்றது. கடைசியில் உறையும் நடுவுக்குக் கொடுப்பார் எவருமிலர். கிண்ணத்தின் மேற்புறம் திறந்திருப்பதால் பள்ளம் கண்ணுக்குத் தெரிகின்றது. மேற்புறமும் முன்பே உறைந்து மூடிக்கொண்டால் அப்பள்ளம் உள்ளுக்குள் குழியாக நின்றுவிடும். அதுவே சுருக்கக்குழி. தந்தையார் "இரும்பு பத்தல" என்றது இதனைத்தான். குழியின் சுவர் முள்ளாக இருப்பதன் காரணமும் இதுவே. இரும்பு உறையும்பொழுது மரக்கிளை போலக் கிளைத்துக் கிளைத்துப் படிகமாகின்றது. கிளைகளுக்கிடையே நின்ற கடைசிக் குழம்பும் வற்றிப்போனால் கிளை நுனிகள் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். வாயுக்குமிழி வேறு. அது இரும்பு குழம்பாக இருக்கும்பொழுதே அதனை விலக்கி இடம்பிடிப்பதால் அதன் சுவர் வழவழப்பாக அமைகின்றது. மேற்பார்வையாளரின் முடிவைத் தந்தையாரின் விரல் நுனி அன்றே மறுத்திருந்தது.

குழி எங்கு விழும் என்பதற்கும் கணக்கு உண்டு. செக் நாட்டுப் பொறியாளர் நிக்கோலஸ் குவோரினோவ் 1940இல் ஒரு விதியை வெளியிட்டார். வார்ப்படம் உறைய எடுக்கும் நேரம் அதன் எடையை மட்டும் பொறுத்ததன்று. கன அளவைக் குளிரும் பரப்பால் வகுத்து வரும் ஈவின் இருமடிக்கு அது நேர்விகிதத்தில் இருக்கும். 10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரம் ஒன்றையும், 20 செ.மீ. நீள அகலமும் 2.5 செ.மீ. கனமும் உள்ள பலகை ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் 1000 கன செ.மீ.; இரண்டும் ஏறத்தாழ 7 கிலோ. கனசதுரத்தின் பரப்பு 600 சதுர செ.மீ., பலகையினது 1000. கணக்கிட்டுப் பார்த்தால் கனசதுரம் உறையப் பலகையைப்போல் ஏறத்தாழ 2.8 மடங்கு நேரம் ஆகும். எடை ஒன்றே, வடிவம் வேறு. இவ்வாறே 20 மி.மீ. கனமுள்ள இரு சுவர்கள் ஆங்கில 'T' எழுத்தைப்போலச் செங்குத்தாகக் கூடும் இடத்தில் ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம் 25 மி.மீ. வரும். கூடுமிடம் சுவரினும் தடித்தது. ஆகவே சுவரினும் நேரங்கழித்து உறைவது. எம் வீட்டுக் கூட்டில் அவ்விடத்தின்மேல் ஒரு திரட்சியும் ஏற்றி வைத்திருந்தார்கள்.

இத்தகைய இடங்களுக்குக் குழம்பு ஊட்டவே ரைசர் என்னும் கூடுதல் நெடுங்குழியை அச்சில் அமைப்பர். வார்ப்படம் உறைந்து முடியும்வரை ரைசர் உறையாதிருந்து, தன் குழம்பைக் கொடுத்துத் தான் குழி விழுந்து நிற்கவேண்டும். பின்னர் அதனை உடைத்து எறிந்து மீண்டும் உருக்கிக்கொள்வர். ரைசர் பெருத்தால் வீண் இரும்பு மிகும்; கோக்குக் கரி மிகும். ஆகவே முதலாளிகள் ரைசரைக் கண்டாலே முகம் சுளிப்பது வழக்கம்.

இனிக் கணினிக்கு வருவோம். வெப்பம் ஒரு பொருளுள் எவ்வாறு பரவும் என்னும் சமன்பாட்டைப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1822இலேயே நூலாக எழுதிவிட்டார். ஆயினும் நத்தைக்கூடு போன்ற வடிவத்துக்கு அச்சமன்பாட்டைக் கையால் தீர்க்க இயலாது. வடிவத்தைப் பல இலட்சம் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டமும் தன் அண்டைக் கட்டங்களுக்கு எவ்வளவு வெப்பம் கொடுக்கின்றது, எவ்வளவு பெறுகின்றது என்று நொடிக்கு நொடி கணக்கிட வேண்டும். 1960களில் பெருங்கணினிகள் இவ்வேலையைச் செய்யத் தொடங்கின. 1982இல் சப்பானியரான நியாமாவும் அவர்தம் குழுவினரும் வெப்பச் சரிவையும் குளிரும் வேகத்தையும் கொண்டு எஃகு வார்ப்படங்களில் நுண்குழி விழும் இடத்தை முன்கூட்டியே குறிக்கும் அளவை ஒன்றைத் தந்தனர். செருமனியின் ஆகென் நகரில் மேக்மா நிறுவனம் 1988இல் தோன்றியது. நம் நாட்டில் மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ரவி அவர்களின் ஆய்வுக்குழுவினர் ஆட்டோகாஸ்ட் என்னும் மென்பொருளை உருவாக்கினர். எம் தந்தையாரின் கூலி பிடிக்கப்பட்ட 1994இல் இக்கலை உலகில் இருந்தது. அவ்வார்ப்படச் சாலையில் இல்லை, அவ்வளவே.

சென்ற திங்கள் ஒரு வெள்ளிக்கிழமை எம் தமக்கை மகன் மதிய உணவுக்கு வந்திருந்தான். உற்பத்திப் பொறியியல் பயின்றவன்; வார்ப்படங்களைக் கணினியில் உறையவிட்டுப் பார்த்துக் குறை சொல்லும் அலுவலகம் ஒன்றில் பணிபுரிகின்றான். கதவைத் திறந்து உள்ளே வந்தவன் குனிந்து அத்துண்டைக் கையிலெடுத்தான். எத்தனையோ முறை அதனைத் தாண்டிச் சென்றவன்தான். வேலைக்குச் சேர்ந்தபின் கண் மாறியிருந்தது போலும். "இதுக்கு ரைசர் எங்க வெச்சீங்க நன்னா?" என்று கேட்டான்.

முப்பது ஆண்டுகளாக அக்கேள்வியை எவரும் தந்தையாரிடம் கேட்டதில்லை. எழுபத்தாறு வயதில், பிரியாணித் தட்டைப் பாதியில் விட்டுவிட்டு, தரையில் விரலால் கோடு கிழித்து அவர் விளக்கத் தொடங்கினார். விளிம்பின் மறுபக்கம் ஒரு ரைசர் இருந்தது. திரட்சியின் பக்கம் இல்லை. அங்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டாராம். இரும்பு வீண் என்று மறுத்தனராம். பையன் வெர்னியர் அளவியை வண்டியிலிருந்து எடுத்து வந்து ஒவ்வொரு கனத்தையும் அளந்தான். மறுபாதியைத் தந்தையார் நினைவிலிருந்து சொன்னார். மாலைக்குள் கணினித் திரையில் எம் வீட்டுக் கதவணை முழுக்கூடாகச் சுழன்றது.

முதல் ஓட்டத்தை யாம் மூவரும் பார்த்தோம். 1380 பாகையில் வார்த்த இரும்பு வெண்மஞ்சளாக ஒளிர்ந்தது. மெல்லிய சுவர்கள் சிவந்து, ஊதாவாகி, நீலமாயின. விளிம்பு நீலமாயிற்று. எல்லாம் உறைந்தபின்னும் திரட்சியின் நடுவில் மட்டும் ஒரு மஞ்சள் புள்ளி, விளக்கணைத்த வீட்டில் ஓரறையில் மட்டும் எரியும் விளக்கைப்போல, நெடுநேரம் நின்றது. அதனைச் சுற்றி உறைந்த சுவர். குழம்பு வந்துசேர வழியே இல்லை. பின்னர் அப்புள்ளியும் அணைந்தது. அதே இடத்தில் ஒரு குழியைக் கணினி வரைந்தது.

எம்மால் இருக்கையில் அமர்ந்திருக்க முடியவில்லை. "பாத்தீங்களா அத்தா! வடிவமைத்தவன் தப்பு. உங்க மேல ஒரு குற்றமும் இல்ல" என்று உரக்கச் சொன்னோம். இலக்கிய மேடைகளில் பட்டிமன்றத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் உடையோம் ஆதலின் குரலும் அதற்கேற்ப எழுந்தது. தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. பையன் திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "அவசரப்படாதீங்க மாமா. இது எஃகு மாதிரி ஓடவிட்டது. இது இரும்பு" என்றான்.

அதன் பொருளை அவன் விளக்க, யாம் புரிந்துகொண்ட அளவில் எழுதுகின்றோம். வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்றரைப் பங்களவு கரி கரைந்திருக்கின்றது. வார்த்த குழம்பு குளிர்கையில் முதலில் சுருங்கத்தான் செய்கின்றது. ஒவ்வொரு 100 பாகை இறக்கத்துக்கும் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. ஆனால் 1150 பாகையளவில் உறையத் தொடங்கும்பொழுது, கரைந்திருந்த கரி கிராஃபைட்டாகப் பிரிந்து இதழ் இதழாக விரிகின்றது. கிராஃபைட்டின் அடர்த்தி இரும்பினதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. ஆகவே அது பிரியும்பொழுது இடம் கேட்கின்றது; உள்ளிருந்து விரிகின்றது. நீர் உறையும்பொழுது புட்டியை உடைப்பதுபோல. நெய்யின் குணமும் நீரின் குணமும் ஒருங்கே வாய்த்த பொருள் வார்ப்பிரும்பு. எஃகுக்கு இக்கொடை இல்லை. அதனால்தான் எஃகுக்கெனக் கண்ட அளவைகளைச் சாம்பல் நிற வார்ப்பிரும்பின்மேல் அப்படியே ஏற்றினால் அவை பிழைபடுகின்றன.

உள்விரிவு நல்லதே, தன் குழியைத் தானே அடைத்துக்கொள்ள இரும்புக்கு அது உதவும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அச்சு அசையாதிருக்க வேண்டும். அச்சின் சுவர் உறுதியாக நின்றால் விரிவின் அழுத்தம் உள்நோக்கித் திரும்பிக் குழியை அடைக்கும். மண் இளகியிருந்தால் சுவர் வெளியே தள்ளப்படும். வார்ப்படம் வெளியே சற்று உப்பும், உள்ளே குழி அப்படியே நிற்கும். இதனைச் சொல்லிவிட்டுப் பையன் இரண்டாம் முறை ஓடவிட்டான். இம்முறை கிராஃபைட்டு விரிவையும் சேர்த்தான். அச்சைப் பாறைபோல் உறுதியானது என்று வைத்தான். மஞ்சள் புள்ளி அதே இடத்தில் நின்றது. குழியோ மிளகளவாயிற்று. மூன்றாம் முறை அச்சின் உறுதியைக் குறைத்தான். குழி வளர்ந்தது. திரையிலிருந்த படத்தையும் கையிலிருந்த பாதியையும் மாறிமாறிப் பார்த்தோம். பெருவிரல் நுனி நுழையும் அளவே.

அறையில் பேச்சில்லை. கடைசியில் யாமே கேட்டோம்: "அப்படியென்றால் மண் இறுக்கம் போதாமல்தானா?"

"அப்படியும் சொல்ல முடியாது மாமா" என்றான். உலையில் கச்சா இரும்பைக் குறைத்துப் பழைய எஃகுத் துண்டுகளைக் கூட்டிப் போட்டிருந்தால் கரியின் அளவு இறங்கியிருக்கும். கரி இறங்கினால் விரிவும் குறையும். அச்சை உறுதியாகவே வைத்துக் கரியை மட்டும் குறைத்து நான்காம் முறை ஓடவிட்டான். குழி ஏறத்தாழ அதேயளவு வந்தது. முதலாளி உலையில் இட்ட கலவையும், மோல்டர் மண்ணில் இட்ட குத்தும், கணினித் திரையில் ஒரே குழியைத்தான் வரைந்தன. 1994இல் அவ்வுலையின் கரி எவ்வளவு, அந்தப் பெட்டியின் இறுக்கம் எவ்வளவு என்று எண்ணைக் கொடுத்தால் அது விடை சொல்லும். எண்ணை யார் கொடுப்பது? கடைசியில் எது உறைந்தது என்பதை ஐயமின்றிக் காட்டிய கருவி, யார் பிழை என்னும் இடத்தில் கைவிரித்துவிட்டது. அதன்மேல் எமக்கு உண்மையாகவே சினம் வந்தது. இப்பொழுது நினைத்தால் நாணமாக இருக்கின்றது. கணினியை யாம் வழக்கறிஞராக அமர்த்தியிருந்தோம், அதுவோ சாட்சியாக மட்டும் நின்றது.

தந்தையார் பேசினார். "கை அசந்துதான் இருந்துச்சு. பெட்டிக்கு நாப்பது குத்து விழுற எடத்துல முப்பது விழுந்திருக்கும். கூட இடிக்கிற பையன் அந்த மாசம் வரல. நோன்பா, ஆள் பத்தாததா, இன்னிக்குக் கேட்டா எப்படிச் சொல்றது?" சிறிது நேரம் கழித்து, "ஆனா மண்ணுல ஈரம் இல்ல. அது எனக்குத் தெரியும்" என்றார்.

முப்பது ஆண்டுகளாக அத்துண்டு அவருடைய குற்றமின்மைக்குச் சான்றாகக் கதவோரத்தில் கிடப்பதாக யாம் எண்ணியிருந்தோம். அவர் அப்படி எண்ணியிருக்கவில்லை. ஈரமன்று என்பதற்கு மட்டுமே அது சான்று. மற்றதை அவர் தம்முள் வைத்திருந்தார். பெருநாளன்று பழைய சட்டையில் எம்மை அழைத்துச் சென்றபொழுது அம்முப்பது குத்துகளை அவர் எண்ணிக்கொண்டே நடந்திருப்பாரோ என்று அன்றிரவு யாம் நினைத்தோம். கேட்கும் துணிவு வரவில்லை.

அவருக்கோ பேச்சு அத்துடன் முடிந்துவிட்டது, வேலை தொடங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் பையன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "கண்ணு, அந்தத் திரட்சிக்குக் கீழ ஒரு சில் வெச்சுப் பாரு" என்றார். சில் என்பது அச்சுக்குள் பதிக்கும் இரும்புக் கட்டை. பக்கத்திலுள்ள குழம்பின் வெப்பத்தை விரைவாக உறிஞ்சி அவ்விடத்தை முன்னதாக உறையச் செய்வது. பையன் வைத்து ஓடவிட்டான். மஞ்சள் புள்ளி மறைந்தது, குழியும் மறைந்தது. பையன் மகிழ்ந்தான். தந்தையார் தலையசைத்தார். "குழி போயிருச்சு. ஆனா அந்த எடம் வெள்ளையா, கல்லாட்டம் ஆயிரும். லேத்துக்காரன் டூலு போச்சுன்னு நம்மளத்தான் திட்டுவான்." மிக விரைவாகக் குளிர்ந்தால் கரி கிராஃபைட்டாகப் பிரியாமல் இரும்போடு கூடிக் கடினச் சேர்மமாகிவிடும் என்பதை அவர் அவ்வாறு சொன்னார். அதற்குத் தனிக்கணக்கு உண்டு, இந்த ஓட்டத்தில் அதைச் சேர்க்கவில்லை என்று பையன் ஒப்புக்கொண்டான்.

"அப்போ ரைசர்தான்" என்றார் தந்தையார், 1994இல் கேட்டதையே மீண்டும் கேட்பவராக. இம்முறை மறுப்பார் இல்லை. பையன் திரட்சியின் பக்கவாட்டில் ஒரு சிறு ரைசரை வரைந்து, இரவெல்லாம் ஓடட்டும் என்று கணினியை மேசையிலேயே விட்டுவிட்டுப் படுக்கை விரிக்கச் சென்றான். தந்தையார் திரையருகே குனிந்து, ரைசரையும் கூட்டையும் இணைக்கும் கழுத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு உள்ளறைக்குக் குரல் கொடுத்தார். "கழுத்தை இவ்வளவு சிறுசா வெக்காதே தம்பி. கொடுக்க வேண்டியது கொடுக்குறதுக்கு முன்னாடியே உறைஞ்சிரும்."

பையன் எழுந்து வந்தான். 12 என்று இட்டிருந்த எண்ணை அழித்து 18 என்று இட்டான். தந்தையார் முன்கதவைச் சாத்தி, இரும்புத் துண்டைக் காலால் நகர்த்தி அதற்கு அணை கொடுத்துவிட்டு உறங்கச் சென்றார்.